ஏழாம் கட்டிலுக்கு ஒரு பிரியாணி

பொட்டலம் இன்னும் சூடாக இருந்தது.

ஆர்டரோடு ஒரு குறிப்பு வந்திருந்தது. "நர்சுங்க கண்ணுல படாம கொண்டு வரவும்."

அதை அவன் ஆஸ்பத்திரி லிஃப்ட்டில்தான் படித்தான். அதுவரை அது வெறும் மட்டன் பிரியாணி.

ஏழாம் கட்டிலின் தலைமாட்டில் ஓர் அட்டை தொங்கியது. வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது. கையெழுத்து அழகாக இருந்தது.

காலையில் அவனே எழுதி மாட்டியது.

காலையில் அவன் நர்சிங் மூன்றாம் ஆண்டு. வெள்ளைச் சீருடை. வார்டு முடிந்ததும் கழிவறையில் சட்டை மாற்றிக்கொண்டு ஊருக்குச் சோறு சுமக்கப் போய்விடுவான். ஃபீஸ் அதில்தான் வந்தது. கல்லூரிக்குத் தெரியாது. வெளியே வேலை பார்த்தால் சீட்டு கிழியும் என்று சேரும்போதே கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

ஹெல்மெட்டும் சிவப்பு டி-சர்ட்டுமாக நின்றவனை ஏழாம் கட்டில் கோதண்டத்துக்கு அடையாளம் தெரியவில்லை. நாலு மணிக்கு அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன்.

"வாப்பா, வா. நர்சு யாராச்சும் பாத்துச்சா?"

அவன் யோசித்தான்.

"பாக்கலண்ணே."

"காலைல ஒரு பொடியன் வந்தான். தண்ணி கூட குடிக்கக் கூடாதாம். அவன் மட்டும் திங்காமயா இருப்பான்?"

தின்னாமல்தான் இருந்தான்.

கோபம் வரவில்லை. சிரிப்பும் வரவில்லை. மரத்துப்போக ஊசி போட்ட ஈறு மாதிரி இருந்தது எல்லாம்.

பாடம் மட்டும் ஓடியது. வயிற்றில் சோறு இருந்தால் மயக்கத்தில் மேலே ஏறும். ஏறினால் நுரையீரலுக்குள் போகும். போனால் ஆள் எழுந்திருக்க மாட்டார்.

தேர்வில் ஐந்து மார்க் கேள்வி.

கொடுக்காமல் திரும்பினால் ஆர்டர் கேன்சல். இன்னொரு கேன்சலுக்கு ஐடியை முடக்கிவிடுவார்கள்.

"ஓடிபி சொல்லுங்கண்ணே."

சொன்னார். அடித்தான். பொட்டலத்தைக் கொடுத்தான். டெலிவரி வெற்றி என்று போன் பாராட்டியது.

கதவு வரைக்கும் போனான்.

திரும்பிப் பார்த்தபோது கோதண்டத்தின் இரண்டு கன்னமும் உப்பியிருந்தன.

ஓடி வந்து பொட்டலத்தைப் பிடுங்கினான்.

கோதண்டம் முதலில் விழுங்கினார். பிறகுதான் கத்தினார்.

"திருட்டுப் பய! சிஸ்டர்! சிஸ்டர்!"

வார்டு சிஸ்டர் பிரிசில்லா வந்தார். வாரம் தவறாமல் அவன் நகத்தைப் பார்த்துத் திட்டுகிறவர். அட்டையைப் பார்த்தார். பொட்டலத்தைப் பார்த்தார்.

"சாப்ட்டீங்களா?"

"ஐயோ, நானா? மச்சானுக்கு வாங்குனது சிஸ்டர். ஒரு பருக்கை தொடல."

பெரியவர் பேச்சு. சிஸ்டர் நம்பிவிட்டார். நாலு மணிக்கு அனுப்பிவிடுவார்.

"அவர் தின்னாரு," என்றான் அவன்.

"டெலிவரிக்கு வந்தா குடுத்துட்டுப் போகணும். இதெல்லாம் உனக்கு எதுக்கு? யாருப்பா நீ?" என்றார் சிஸ்டர்.

படிக்கட்டு பக்கத்திலேயே இருந்தது. வண்டி கீழே நின்றது. ஹெல்மெட்டுக்குள் இருக்கும் முகம் இங்கே யாருக்கும் தெரியாது.

அவன் நிமிர்ந்து நின்றான்.

சிஸ்டர்கள் முன்னால் மாணவர்கள் நிற்க வேண்டும் என்று முதலாமாண்டில் பழக்கியபடி, கைகள் தாமாகப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டன.

"குட் ஆஃப்டர்நூன், சிஸ்டர்."