தார்ப்பாய்க்குள் ஒரு டீசல்

மூடிப்போன ஒரு குட்டி ரயில்பாதையைத் தன்னார்வலர்கள் சேர்ந்து மறுபடியும் ஓட வைத்தார்கள். முன்னால் பழைய நீராவி இன்ஜின், நடுவில் இரண்டு பெட்டிகள், கடைசியில் பச்சைத் தார்ப்பாய் போர்த்திய டீசல் இன்ஜின். நீராவிக்குப் புகை விட மட்டும்தான் தெம்பிருந்தது. பின்னாலிருந்து தள்ளுவதெல்லாம் டீசல். ஆனால் மாலையும் பொட்டும் செல்ஃபியும் நீராவிக்கு.

“உனக்கு வெட்கமா இல்லையா?” என்று ஒருநாள் டீசல் கேட்டது.

“எனக்கு எதுக்கு வெட்கம்? தார்ப்பாய்க்குள்ள ஒளிஞ்சிருக்கிறது நீதானே” என்றது நீராவி.

டீசலுக்குச் சுருக்கென்றது. அடுத்த ஞாயிறு, பொட்டல்காட்டு நடுவில் தள்ளுவதை நிறுத்திவிட்டது. நீராவி புஸ்புஸ்ஸென்று மூச்சு வாங்கியதே தவிர, ஓரடி நகரவில்லை. இன்றைக்கு இதன் மானம் போகட்டும் என்று டீசல் காத்திருந்தது.

தன்னார்வலர்களின் தலைவர் ஜெயசீலன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு இறங்கினார்.

“அந்தக் காலத்துல வண்டி இளைப்பாறின இடம் இதுதான். எல்லாரும் இறங்கிப் படம் எடுத்துக்கலாம்” என்றார்.

ஜனங்கள் கைதட்டினார்கள்.

மறுவாரம் அங்கே பலகையே நட்டுவிட்டார்கள்: ‘பாரம்பரிய நிறுத்தம்.’

டீசலுக்கு வயிறு எரிந்தது. இனி அங்கே நிற்பதே இல்லை என்று முழு வேகத்தில் தள்ளியது. பலகை கண்ணில் பட்டு மறைந்தது. பெட்டிகளுக்குள் ஒரே கூச்சல்.

ஜெயசீலன் அசரவில்லை. “நம்ம கிழவிக்கு இன்னைக்குக் குஷி ஜாஸ்தி” என்றார்.

கடைசி ஸ்டேஷனில் நீராவிக்குக் கூடுதலாக ஒரு மாலை விழுந்தது. டீசலையும் அவர்கள் கவனிக்காமல் விடவில்லை. வந்த வேகத்தில் தார்ப்பாய் கொஞ்சம் விலகியிருந்தது. இழுத்து இறுக்கிக் கட்டினார்கள்.