நொடிமுள்

ஆன்லைனில் கைக்கடிகாரம் விற்கும் அவனிடம், 'இது ஒரிஜினலா?' என்று யாராவது தினமும் கேட்பார்கள். அவன் மழுப்பியதே இல்லை.

அன்று கேட்டவள், தன் முகத்துக்குப் பதில் ரோஜாப்பூ படம் வைத்திருந்த ஒரு புது கஸ்டமர். நீல டயல் வாட்ச்சைப் பற்றிக் கேட்டிருந்தாள்.

"இல்லீங்க மேடம், காப்பிதான். கஸ்டமர்கிட்ட நான் பொய் சொல்றதில்ல" என்று பதில் அனுப்பினான்.

"எங்க கல்யாண நாளுக்கு என் வீட்டுக்காரர் இதே வாட்ச்தான் குடுத்தார். ஒரிஜினல்னு அடிச்சுச் சொன்னார். எப்படி சார் கண்டுபிடிக்கிறது?"

"நொடிமுள்ளப் பாருங்க. ஒரிஜினல்ல வழுக்கிட்டே போகும். காப்பியில துள்ளித் துள்ளிப் போகும்."

ஒரு நிமிடத்தில் பதில் வந்தது.

"துள்ளுது சார். சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் கையை நீட்டி நீட்டிக் காட்டினேனே!"

அவனுக்குப் பாவமாக இருந்தது.

"கட்டின பொண்டாட்டிகிட்டயே டூப் விட்டிருக்கார். சும்மா விடாதீங்க மேடம். எதிர்ல நிக்க வெச்சுக் கேளுங்க."

"சரி சார். ரொம்ப நன்றி."

வியாபாரம் போனாலும் ஒரு பெண்ணுக்கு நல்ல வழி சொன்ன திருப்தியில் சோபாவில் சாய்ந்துகொண்டான்.

தலைவலி என்று சாத்தியிருந்த படுக்கையறைக் கதவு திறந்தது. ஒரு கையில் போனோடு வந்த மனைவி, மறு கையை அவன் கண்ணுக்கு நேரே நீட்டினாள். நீல டயலில் நொடிமுள் துள்ளித் துள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

"எழுந்து நில்லுங்க சார்" என்றாள்.