கொம்பு வைத்த சமையல்காரர்

"அப்பா, இது நீங்கதானா?"

கோரின் கேட்டதும் ஆம்ப்ரோஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

"நானேதான். அப்போ தலையில முடி இருந்துச்சு."

சான் பிரான்சிஸ்கோவில் அந்தச் சின்னக் கண்காட்சிக்கு நல்ல கூட்டம். பெரிய பத்திரிகைகள் தொடவே பயந்த, எழுபதுகளின் தெருக்கடை காமிக்ஸ் படங்கள் இடப்பக்கம். அதே தெருக்களில் அதே வருஷங்களில் யாரோ எடுத்த போட்டோக்கள் வலப்பக்கம். ஜோடி ஜோடியாக மாட்டியிருந்தார்கள்.

அப்பாவின் படம் சுவரில் இருக்கிறது என்று யாரோ சொல்ல, கோரின் பெருமையாக அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். வந்த இடத்தில் இப்படி.

காமிக்ஸில், ஏப்ரன் கட்டிய ஒரு ராட்சசன். தலையில் இரண்டு கொம்பு, வாயில் கோரைப்பல். ஒல்லிப்பிச்சான் ஒருவனின் சட்டைக் காலரைப் பிடித்து ஓட்டலுக்கு வெளியே வீசுகிறான்.

சரி, கற்பனை என்று விட்டுவிடலாம். பக்கத்திலேயே போட்டோ! அதே ஓட்டல் வாசல், அதே ஒல்லிப்பிச்சான், காலரைப் பிடித்தபடி இளவயது ஆம்ப்ரோஸ். கொம்பு மட்டும்தான் இல்லை.

"பசியோட வந்தவனைத் தூக்கி எறிய எப்படித்தான் மனசு வந்துச்சோ!" என்றாள் பச்சைத் தலைமுடிப் பெண் ஒருத்தி.

"போட்டோவே சாட்சி சொல்லுதே" என்றார் அவள் பக்கத்தில் நின்றவர்.

கோரினுக்கு முகம் சிவந்துவிட்டது. சனிக்கிழமை தவறாமல் சர்ச்சில் வீடில்லாதவர்களுக்கு சூப் ஊற்றுகிறவள் அவள். அதை அப்பாவிடம்தான் கற்றுக்கொண்டதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

"ஏதோ ஒரு நாள் கோபத்துல செஞ்சிருப்பீங்க, இல்லப்பா?"

"ஒரு நாளா? தினமும்தான். மதியம் ஒரு மணி ஆனா தூக்கிப் போட்டுடுவேன்."

"தினமுமா!"

"ஞாயித்துக்கிழமை கடை லீவு."

இதற்குமேல் கேட்க அவளுக்குத் தெம்பில்லை. அழுகை வந்துவிடும் போலிருந்தது. 'இவரையா ஐம்பது வருஷமா நம்பினேன்' என்று உள்ளுக்குள் புழுங்கினாள்.

அப்போது வாசலில் கைதட்டல். அந்தக் காமிக்ஸை வரைந்த ஓவியர் லீலண்ட் ஊன்றுகோலோடு வந்துகொண்டிருந்தார். எழுபத்தைந்தைத் தாண்டியும் அதே ஒல்லிப்பிச்சான்.

கோரின் நேராக அவரிடம் போனாள்.

"சார், அந்தச் சமையல்காரரோட பொண்ணு நான். எங்க அப்பா செஞ்சதுக்கு நான் மன்னிப்பு கேட்டுக்கறேன்."

லீலண்ட் அவளைத் தாண்டி எட்டிப் பார்த்தார்.

"யோவ் ஆம்ப்ரோஸ்! இன்னும் உசுரோடதான் இருக்கியா?"

"நீயே இருக்கும்போது எனக்கென்ன கேடு?"

இரண்டு கிழவர்களும் கட்டிப்பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். கூட்டம் முழித்தது.

"மன்னிப்பா? எதுக்கும்மா?" என்றார் லீலண்ட். "ஓசியில சாப்பாடு கேட்டு வர்றவனை உள்ளே விட்டா சீட்டைக் கிழிச்சுடுவேன்னு முதலாளி சொல்லியிருந்தாரு. ஒரு மணிக்கு அவரு கார் வரும். அவரு கண்ணு முன்னாடி உங்கப்பா என்னை முன்வாசல் வழியா வீசுவாரு. நான் அப்படியே பக்கத்துச் சந்து வழியா சுத்திக்கிட்டு பின்வாசலுக்கு ஓடுவேன். அங்கே தட்டுல ரெண்டு முட்டை, வறுத்த உருளைக்கிழங்கு, ஒரு துண்டு ஆப்பிள் பை, எல்லாம் சூடா தயாரா இருக்கும். ரெண்டு வருஷம் நான் உயிரோட இருந்ததே அதனாலதான்."

கோரின் அப்பாவைப் பார்த்தாள்.

"இதை ஏன்ப்பா எங்கிட்ட சொல்லல?"

ஆம்ப்ரோஸ் தரையைப் பார்த்துக்கொண்டு முனகினார்.

"முதலாளியோட முட்டைம்மா. கேக்காம எடுத்தா திருட்டுதானே? நீ எட்டு வயசுல கடையில ஒரு சூயிங்கம் எடுத்ததுக்கு ஒரு வாரம் டிவி கிடையாதுன்னு சொன்னவன் நான். அப்புறம் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு சொல்றது?"

கோரினுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அப்பாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பச்சைத் தலைமுடிப் பெண்ணின் கோபம் மட்டும் ஆறவில்லை. அது இப்போது ஓவியர் பக்கம் திரும்பிவிட்டது.

"அப்போ நீங்கதான் சார் மோசம்! ரெண்டு வருஷம் இவரு போட்டதைத் தின்னுட்டு, இவருக்கே கொம்பும் கோரைப்பல்லும் வெச்சு வரைஞ்சிருக்கீங்களே? பின்வாசலை வரைய உங்களுக்குக் கை வரலையா?"

லீலண்ட் சிரித்தார்.

"அப்போ என் காமிக்ஸை முதல் ஆளா வாங்கிப் படிச்சவரே அந்த முதலாளிதாம்மா. பின்வாசலை வரைஞ்சிருந்தா இவரு வேலை அன்னைக்கே போயிருக்கும். கொம்பு வெச்சேன், பாத்துப் பூரிச்சுப் போய் இவருக்குச் சம்பளத்தைக் கூட்டிக் குடுத்தாரு!"