தொட்டியின் அடியில்

பிற்பகல் வெயிலில், தந்தையின் சுவாசக் கருவியிலிருந்து நீர்த்தொட்டியை மூத்த மகள் கழற்றிப் பார்க்கிறார். அடியில் இளஞ்சிவப்பாக ஒரு வழவழப்பு படர்ந்திருக்கிறது. இந்த நீரைத் தொட்டுவரும் காற்றைத்தான் தந்தை நாள்தோறும் சுவாசிக்கிறார். தம்பி, இன்வெர்ட்டருக்கு வாங்கிய நீர்க் கேனுடன் அருகில் நிற்கிறார். “சுத்தமான தண்ணிதான்க்கா. பேட்டரிக்கே இதைத்தான் ஊத்துறோம்.” “அப்பா என்ன பேட்டரியாடா? பழசைக் கொட்டிக் கழுவிட்டுத்தானே ஊத்துன?” “குறையக் குறைய ஊத்திடுவேன்க்கா.” தொட்டியில் ஊற்றவென அக்கா காய்ச்சி இறக்கிய கொதிநீர் மூடிய பாத்திரத்தில் இன்னும் ஆறவில்லை. “அப்பாவுக்கு இருமல் எத்தனை நாளாடா?” “பத்து நாளா.” “காய்ச்சல்?” “ராத்திரியில லேசா அடிக்குதுக்கா.” தம்பி கேனின் மூடியைத் திருகி இறுக்குகிறார். கட்டிலில் தந்தை இருமி ஓய்ந்து, எப்போதும்போல் புன்னகைத்து, கருவியின் முகமூடிக்காகக் கையை நீட்டுகிறார்.