தொப்பிக்குக் கீழே ஒரு பொத்தான்

ஜெர்மனியின் உல்ம் நகர மண்டபத்தில் பொம்மை ரயில் கண்காட்சி. ஜன்னல் வெயிலில், லோதாரின் அப்பா கட்டிய பொம்மை ரயில் ஊர் பளபளக்கிறது. ஆபத்தென்றால் மொத்த மின்சாரத்தையும் நிறுத்த மருமகள் ஆன்யா மேசை விளிம்பில் பொருத்திய சிவப்புப் பொத்தானை, லோதார் தன் தொப்பியால் மூடியிருக்கிறார். அவருக்கு அது கோழைகளின் சாமான். நாலு பேர் முன்னால் வண்டி நின்றால் அப்பாவின் பெயருக்கு இழுக்கு. அடிக்கடி போகிற ஃபியூஸுக்குப் பதிலாகத் தடித்த கம்பியைச் செருகியதும் அவர்தான். இப்போது பாதை பிரியும் இடத்தில் எஞ்சின் தடம் புரண்டு, தண்டவாளங்களுக்குக் குறுக்கே விழுந்து பொறி கக்குகிறது. கருகும் பிளாஸ்டிக் வாடை. எதிர்மேசைக்காரர் க்னாப் கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறார். “என்ன லோதார், உங்க ஊர்ல இன்னிக்கு கறி வறுக்கிறாங்களா?” “மாமா, அமுக்குங்க!” என்று ஆன்யா பல்லைக் கடிக்கிறாள். “இவன் பார்க்கவா? இவன் வண்டியே பசை நாடா ஒட்டித்தான் ஓடுது,” என்று லோதார் முணுமுணுக்கிறார். பாதையோரத் தேவாலயத்தின் அட்டைக் கூரையில் அப்பா தீட்டிய ஓடுகள் பழுப்பேறிச் சுருள்கின்றன. லோதார் அதைப் பார்க்கிறார். பிறகு, களைப்பாறுகிறவர்போல, தொப்பியின் மேல் முழங்கையை ஊன்றுகிறார். வண்டிகள் நிற்கின்றன, குட்டி ஊரின் விளக்குகள் அணைகின்றன. “எங்க ரயிலுக்கு இது காபி நேரம்,” என்கிறார், க்னாபைத் திரும்பியும் பாராமல். ஆன்யா கோப்பைகளை எடுத்து வைக்கிறாள். தொப்பியை விட்டு முழங்கை எழவே இல்லை.