சுவரோரத் தண்ணீர்

அபிராமபுரத்து மாடியறையில், உள்ளே கூப்பிடும்வரை இருவரும் காத்திருந்தார்கள். ஜொவிட்டாதான் முதலில் பேசினாள்.

“லேப்ல அப்படி என்னதான் பண்றீங்க லாய்ட்?”

“குழாய்க்குள்ள சுவரை ஒட்டி ஓடற தண்ணி சோம்பேறி மாதிரி மெதுவா போகும். திடீர்னு பொங்கி வெடிக்கும். எப்போ வெடிக்குதுன்னு கணக்கெடுக்கறேன்.”

“இதுக்குச் சம்பளம் வேற தர்றாங்களா?”

“எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. பயந்துகிட்டு கேக்கறதில்லை.”

அவள் சிரித்துவிட்டாள். லாய்டுக்குத் தைரியம் வந்தது.

“கஷ்டம் என்னன்னா, ஒரே வெடிப்புக்குள்ள நாலஞ்சு தடவை பொங்கும், நடுநடுவுல அடங்கும். அடங்கினதுமே முடிஞ்சுபோச்சுன்னு எழுதினா கணக்கு தப்பு.”

“அப்புறம் முடிஞ்சுதுன்னு எப்படித் தெரியும்?”

“கொஞ்சம் காத்திருக்கணும். மறுபடி பொங்கினா, பழசுதான் இன்னும் ஓடிக்கிட்டிருக்குன்னு அர்த்தம்.”

கதவு திறந்தது. வக்கீலம்மா எட்டிப் பார்த்தார்.

“ரெண்டு பேரும் வாங்க. விவாகரத்து மனுவுல கையெழுத்து போட்டுடலாம். மனசு மாறலையே?”

லாய்ட் எழுந்தான். ஜொவிட்டாவும் எழுந்தாள். நின்றாள். லாய்டிடம் திரும்பினாள்.

“கல்யாணமாகி ஒன்பது வருஷத்துல இதை ஒரு நாளாவது சொல்லியிருக்கீங்களா?”

“நீ கேக்கலையே.”

“வீட்ல இருந்தாதானே கேக்கறதுக்கு! ராத்திரி பகல் லேப்பே கதி. நான் சுவத்துக்கிட்டதான் பேசிட்டிருந்தேன், தெரியுமா?”

குரல் மாடிப்படி வரை கேட்டது. வக்கீலம்மா பதறினார். ஜொவிட்டா நிறுத்தவில்லை.

அவள் பிரிந்து போன இரண்டு வருடமாக வீட்டில் லாய்டைத் திட்ட ஆளே இல்லை. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தான்.

“மேடம், நீங்க வேற கேஸ் இருந்தா பாருங்க. எங்களுது இன்னும் முடியலை.”