கழற்றிய கதவு

"கதவு எங்கை?"

வாசலில் கால் வைக்க முதலே ஐரிஸ் ரீச்சர் கேட்டுவிட்டார். முன்கதவு இருந்த இடத்தில் ஒரு தகரம் நின்றது. விழாமல் இருக்க ஒரு கல்லை முண்டு கொடுத்திருந்தார்கள்.

நாளைக்கு வீடு வாங்கும் உறுதி எழுத்து. அதற்கு முதல் கடைசியாக ஒருமுறை வீட்டைச் சுற்றிப் பார்த்துவிடுவோம் என்று ரீச்சரும் கணவர் ஏர்னெஸ்ட்டும் கரவெட்டியிலிருந்து உரும்பிராய்க்கு ஓட்டோ பிடித்து வந்திருந்தார்கள். வந்து பார்த்தால் வீடு இருக்கிறது, கதவைக் காணோம்.

விற்கிறவர் தியாகராசா சேர்ட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார்.

"கழட்டிப்போட்டன் ரீச்சர். புதுக்கதவுக்குச் சொல்லியாச்சு. வாற கிழமை போட்டுத் தந்திடுவன்."

"புதுக்கதவு ஆர் கேட்டது?"

"முதல் உள்ளுக்கை போய்ப் பாப்பமே" என்று ஏர்னெஸ்ட் மெல்ல இழுத்தார். சண்டை என்றால் அவருக்குச் சமிபாடு கெட்டுவிடும்.

உள்ளே போனார்கள். குசினிச் சுவரில் கரி என்றார் ரீச்சர். குளியலறைக் குழாய் ஒழுகுது என்றார். கிணற்றுக் கட்டு வெடிச்சிருக்கு என்றார். இரண்டு மாதத்துக்கு முதல் வந்தபோதும் கரி அதே கரிதான், வெடிப்பும் அதே வெடிப்புத்தான். அன்றைக்கு ரீச்சரின் கண்ணுக்கு அவை படவேயில்லை.

அன்றைக்குக் கதவு இருந்தது. அதுதான் விஷயம்.

ரீச்சர் பிறந்து வளர்ந்த வீட்டிலும் அப்படி ஒரு இரட்டைக் கதவு இருந்தது. உபதேசியாராக இருந்த அப்பா, இரவுச் செபம் முடிந்ததும் இரண்டு சிறகையும் இழுத்துச் சாத்துவார். அந்தக் கிறீச் சத்தம் கேட்டால்தான் பிள்ளைகளுக்கு நித்திரை வரும். பிறகு தங்கை அந்த வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டியபோது கதவு விறகாய்ப் போய்விட்டது.

அன்றைக்கு உரும்பிராய் வீட்டுக் கதவைத் திறந்தபோது அதே சத்தம். அறைகளைப் பார்க்கவுமில்லை, கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்க்கவுமில்லை. "இதுதான் எங்கடை வீடு" என்று சொல்லிவிட்டார்.

சுற்றி முடித்து மறுபடி வாசலுக்கு வந்ததும் ரீச்சர் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

"பழைய கதவுகளுக்கு இப்ப ஹோட்டல்காரர் நல்ல விலை குடுக்கினமாம். வித்துப்போட்டியள், என்ன?"

"விக்கேல்லை ரீச்சர். குடுத்திட்டன்."

"ஆருக்கு?"

"கதவுக்காரருக்கு."

ரீச்சர் கணவரைப் பார்த்தார். கணவர் தகரத்தைப் பார்த்தார்.

"தொண்ணூறிலை சண்டைக்குப் பயந்து தெல்லிப்பழைப் பக்கத்துச் சனம் உடுத்த உடுப்போடை எழும்பி ஓடினது, உங்களுக்குத் தெரியும்தானே" என்றார் தியாகராசா. "வெறும் வீடுகளிலை கிடந்த கதவும் கட்டிலும் ஆற்றையோ கையாலை இஞ்சாலை வந்து விலைப்பட்டது. எங்கடை அப்பாவும் அப்பிடித்தான் வாங்கினவர். சாகிறதுக்கு முதல், அது ஆற்றை வளவுக் கதவெண்டு எனக்குச் சொல்லிப்போட்டுத்தான் கண்ணை மூடினார். அந்த இடம் இவ்வளவு நாளும் ஆமியிட்டை. போன மாதம்தான் சனத்தை உள்ளை விட்டவங்கள்."

"அதுக்கு?"

"வீட்டுக்காரி குணலட்சுமி எண்டு ஒரு அம்மா. தனிய வந்து இருக்கிறா. சுவர் எழும்பிட்டுது, வாசலுக்குச் சீலை கட்டியிருக்கிறா. கதவை ஏத்திக்கொண்டு போனன். நான் ஒண்டும் சொல்லேல்லை. உழவு மெசினாலை இறக்க முதலே கிட்ட வந்து கொண்டியிலை கை வைச்சா. 'தம்பி, இதை ஒரு பக்கம் தூக்கித்தான் பூட்ட வேணும்' எண்டா."

"தூக்கியோ?"

"ஓம் ரீச்சர். நாங்களும் இவ்வளவு காலம் தூக்கித்தான் பூட்டினனாங்கள்."

தியாகராசா மறுபடி பொத்தானைத் திருகினார்.

"முதலே சொல்லியிருக்க வேணும், பிழைதான். வீடு வேண்டாமெண்டால் விடுங்கோ, நான் கோவிக்கேல்லை. ஆனால் என்ரை இல்லாத சாமானுக்கு நான் எப்பிடி உறுதி எழுதித் தாறது?"

ஏர்னெஸ்ட் மனைவியின் வாயைப் பார்த்தார். ரீச்சர் கதவில்லாத நிலைச் சட்டத்தில் ஒரு தரம் கையை வைத்தார்.

"நாளைக்கு உறுதியை எழுதுவம் தம்பி" என்றார். அவ்வளவுதான்.

திரும்பும்போது ஓட்டோவில் ஏர்னெஸ்ட்டுக்குப் பெரிய சந்தோசம்.

"இந்தக் காலத்திலையும் இப்பிடி மனிசர் இருக்கினம், பாருமன். உம்மடை அப்பா இருந்திருந்தால் ஞாயிறு ஆராதனையிலை தியாகராசாவைப் பற்றித்தான் பிரசங்கம் பண்ணியிருப்பார்."

வல்லை வெளிக் காற்று ரீச்சரின் முகத்தில் அடித்தது. கைலேஞ்சியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காற்றுக்கு என்று ஏர்னெஸ்ட் நினைத்தார்.

வெளி தாண்டிய பிறகுதான் ரீச்சர் வாய் திறந்தார்.

"இஞ்சருங்கோ, வீடு மாறேக்கை அந்தச் சாப்பாட்டு மேசையை லொறியிலை ஏத்த வேண்டாம்."

"ஏன்? தொண்ணூறிலை உம்மடை அப்பா ஆசையாய் வாங்கித் தந்த மேசையெல்லே?"

"ஓம். அதுக்கு அடியிலை வேறை ஆற்றையோ பேர் வெட்டிக் கிடக்கு. தந்த அண்டைக்கே கண்டனான்."